முன்பல்லுக்கு ஒரு கத்தி

அந்தத் தார்ப்பாய்ப் பட்டறையில் பிள்ளைக்கு முன்பல் விழுந்தால் மடக்குக் கத்தி வாங்கிக் கொடுப்பார்கள். காரணம் ரொம்பச் சாதாரணமானது. பட்டறை வீட்டுப் பிள்ளைகள் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து நூலையும் கயிற்றையும் பல்லால் கடித்தே அறுத்துப் பழகியவை. பல் விழுந்துவிட்டால் வேலை நின்றுபோகும். புதுப்பல் முளைத்து வருகிறவரை லாரிக்காரன் காத்திருப்பானா? ஆகவே கத்தி.

வீடு மாடியில், பட்டறை கீழே, நடுவில் இரும்பு ஏணிப்படி. லாரிக்குப் போர்த்துகிற தார்ப்பாய், கடை வாசலுக்கு இழுத்துக் கட்டுகிற மறைப்பு, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி என்று மழைக்குப் பயந்த சாமான் எல்லாவற்றுக்கும் அங்கே சட்டை தைத்தார்கள். ஒருமுறை சர்க்கஸ்காரர்கள் யானைக்கு மழைக்கோட்டு கேட்டு வந்தார்களாம். அளவெடுக்கப் போனபோது யானை கூச்சப்பட்டு வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டதாம். அதனால் கோட்டு சின்னதாகப் போய்விட்டதாம். இதைச் சொல்லும்போது மூத்தவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாது. கேட்பவர்கள்தான் யானைக்காக வருத்தப்படுவார்கள்.

மூத்தவர் என்பவர் பட்டறைக்கு முதலாளி. வெட்டு மேஜையின் இடது கோடியில் நின்றுதான் அவர் வெட்டுவார். அந்த இடத்தில் வேறு யாரும் நின்றதில்லை. அவர் காய்ச்சலில் படுத்த நாட்களில்கூட அந்த இடம் காலியாகவே நின்று வேலை பார்த்தது. அவருடைய தம்பிக்கு ஆமாம்சாமி என்று பெயர் வந்து பல காலம் ஆகிறது. அண்ணன் வாயைத் திறக்கும் முன்பே "ஆமாண்ணே" என்று சொல்லிவிடுவார். தூங்கும்போது மூச்சு விடுவதும் அந்தச் சத்தத்தோடுதான் என்று அவர் மனைவி சொல்வாள்.

அந்த மனைவிதான் பட்டறையின் தையல்காரி. மூலையிலிருக்கும் பெரிய மிஷின் அவள் காலுக்கு மட்டும்தான் அடங்கும். வேறு யாராவது மிதித்தால் அது தைத்ததையெல்லாம் திரும்பப் பிரித்துவிடும். சின்ன வயதில் அவள் இடது கைக்காரி. பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியாரும் வீட்டில் ஒரு அப்பாவுமாகப் பேசி வைத்துக்கொண்டு, அந்தக் கையை இடுப்போடு சேர்த்துத் துண்டால் கட்டிவிட்டார்கள். வலது கை எல்லா வேலையையும் கற்றுக்கொண்ட பிறகு அவிழ்த்தும் விட்டார்கள். இடது கை வெளியே வந்தது, வேலைக்கு வரவில்லை. அன்றிலிருந்து வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி மடியில் உட்கார்ந்திருந்தது. மிஷினுக்குத் துணியைப் பிடித்துக் கொடுக்கும், அதற்கு மேல் ஒன்றும் கேட்டுவிடக் கூடாது.

அவளுடைய மகளுக்கு ஏழு வயது. ஒல்லியாக இருப்பாள், நின்ற இடத்திலிருந்து பிடுங்க முடியாது. அதனால் ஆணி என்று கூப்பிட்டார்கள். ஆணியும் இடது கைக்காரி.

ஒரு நாள் காலையில் ஆணி நைலான் கயிறு ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தபோது கயிறு அறுபடாமல் பல் வந்துவிட்டது. அழவில்லை. பல் தொங்கிய கயிற்றை அப்படியே தூக்கிக்கொண்டு வெட்டு மேஜைக்குப் போனாள்.

"பெரியப்பா, கத்தி."

மூத்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பல்லைப் பார்த்தார். "முன்பல்தான். வேரோட வந்திருக்கு. டேய் தடியா, மேஜையைத் துடை."

தடியன் அவருடைய மூத்த மகன், தார்ப்பாய் ஓரத்தில் பித்தளை வளையம் அடிக்கிறவன். பட்டறையில் ஒரு முறை இருந்தது. மூத்தவர் தன்னுடைய கத்தியை மடக்கியபடி மேஜைமேல் வைப்பார். பிள்ளை அதை எடுக்கும். எடுக்கிற எடுப்பைப் பார்த்து எந்த மாதிரிக் கத்தி வாங்குவது என்று அவர் முடிவு செய்வார். பிறகு அந்தப் பிள்ளை முதல் தடவை கையை அறுத்துக்கொள்கிற அன்று, ஒரு துண்டு நீலத் தார்ப்பாயைக் கிழித்து அவரே கட்டுப் போட்டுவிடுவார். கட்டு விழுந்தால் அது பட்டறைப் பிள்ளை, அப்புறம் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

கத்தி மேஜைக்கு வந்தது. ஆணி கையை நீட்டினாள்.

"அந்தக் கை வேணாம்," என்றார் மூத்தவர்.

"இந்தக் கைதான் எடுக்குது, பெரியப்பா."

"நீதான் எடுக்கணும். கை பாட்டுக்கு எடுக்கக் கூடாது."

"அது என் கைதானே?"

மூத்தவர் கத்தியைத் திரும்ப எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். "இங்க பாரு. இது நாலு பேர் வரிசையா நின்னு ஒரே பக்கமா இழுத்து வெட்டுற மேஜை. நடுவுல ஒரு நொட்டாங்கை நின்னா முழங்கையும் முழங்கையும் மோதும். எங்க அத்தை ஒருத்தி இருந்தா, உன்னை மாதிரிதான். சர்க்கரை ஏத்துன லாரிக்குத் தார்ப்பாய் வெட்டுனா. வெட்டு மாறிப்போச்சு. வழியில மழை. லாரி போய்ச் சேர்ந்தப்போ உள்ள சர்க்கரை இல்ல, சாக்குதான் இருந்துச்சு. ரோடு பூரா இனிப்பு. எறும்பு வந்து ரோட்டை அடைச்சுக்கிட்டு, எந்த வண்டியும் போக முடியல. கடைசியில போலீஸ் வந்து எறும்பைக் கலைச்சுவிட்டாங்க."

"ஆமாண்ணே," என்றார் ஆமாம்சாமி.

"நீ பாத்தியாப்பா?" என்று கேட்டாள் ஆணி.

"நான் அப்போ பொறக்கவே இல்லம்மா."

"அப்புறம் எதுக்கு ஆமாங்கறே?"

ஆமாம்சாமி தரையில் கிடந்த நூல் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"சோத்துக்கையால எடுக்கப் பழகு. பழகுனதும் கத்தி," என்றார் மூத்தவர். இதோடு விட்டிருந்தால் கதை இல்லை. ஆனால் அவர் தார்ப்பாய்க்காரர். உலகத்தில் எந்தச் சிக்கல் வந்தாலும் அதை ஒரு தார்ப்பாயால் மூடிவிடலாம் என்று நம்புகிறவர். குடும்பத்தில் யாருக்காவது பல்வலி வந்தால்கூட முதலில் அளவுதான் எடுப்பார். மேஜையடியில் கிடந்த நீலத் துண்டு ஒன்றை எடுத்து, மிஷின் பக்கம் வீசினார்.

"இந்தாம்மா, இதுல சின்னதா ஒரு பை தைச்சுடு. அந்தக் கை உள்ள போற அளவுக்கு. மணிக்கட்டுல வளையம் வச்சுக் கயிறு கோத்துடு. கொஞ்ச நாள் உள்ள கிடந்தா அதுவே புத்தி கத்துக்கும்."

நீலத் துண்டு தையல்காரியின் மடியில் வந்து விழுந்தது. சரியாக அவளுடைய இடது கைமேல்.

அவள் மிஷினை நிறுத்தினாள். துண்டைப் பார்த்தாள். அதற்கு அடியிலிருந்த கையைப் பார்த்தாள். துண்டை எடுத்து மடித்து, மிஷினின் ஓரத்தில் வைத்தாள்.

"மாட்டேன்."

அந்தப் பட்டறையில் அதற்கு முன் அந்தச் சொல் கேட்டதே இல்லை. தகரக் கூரைமேல் உட்கார்ந்திருந்த புறாக்கள் தங்களைத்தான் விரட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு எழுந்து போயின. சுவர்க் கடிகாரத்தின் முள் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் அடுத்த இடத்துக்கு நகர்ந்தது.

"என்னம்மா சொன்னே? மிஷின் சத்தத்துல காதுல விழல."

"மிஷின் ஓடல மாமா. நிறுத்திட்டுத்தான் சொன்னேன். மாட்டேன்."

"அவ நல்லதுக்குத்தானே சொல்றேன்?"

"எனக்கும் நல்லதுக்குன்னுதான் சொன்னாங்க. ஒரு கையைத் தொலைச்சாச்சு. இந்த வீட்டுல இன்னொரு கையைத் தொலைக்க நான் தைச்சுத் தர மாட்டேன்."

"அப்ப கத்தியை யார் வாங்கறது?"

"நான் வாங்கறேன்."

"உனக்குக் கத்தியைப் பத்தி என்ன தெரியும்?"

"கையைப் பத்தித் தெரியும், மாமா."

மூத்தவர் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். வழக்கமாக அந்தப் பார்வைக்கு ஒரே ஒரு பதில்தான். ஆமாம்சாமி வாயைத் திறந்தார். அண்ணனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கயிற்றில் தொங்கிய பல்லைப் பார்த்தார். வரவேண்டிய சொல் பாதித் தொண்டையில் நின்று, விக்கலாக மாறி வெளியே வந்தது. ஒன்றல்ல, தொடர்ந்து வந்தது. தடியன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். தண்ணீருக்கும் விக்கல் வந்தது.

"வாங்கிட்டு வா," என்றார் மூத்தவர். "ஆனா ஒண்ணு. அந்தக் கத்தியால அவ விரலை அறுத்துக்கிட்டா, கத்தி என் இரும்புப் பெட்டிக்குள்ள போகும், கை பைக்குள்ள போகும். பை தைக்க எனக்கும் தெரியும்."

தையல்காரி செருப்பை மாட்டிக்கொண்டு மகளைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். செருப்பு கால் மாறியிருந்தது. ஆணி பார்த்துவிட்டாள்.

"பயமாம்மா?"

"ஆமா. பேசாம நட."

கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை ஒன்று இருந்தது. கடை ரொம்பக் குறுகல். உள்ளே போகிறவர் நேராகப் போய், திரும்ப இடமில்லாமல் பின்னாலேயே நடந்து வெளியே வர வேண்டும். கடைக்காரர் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, பத்து வருஷத் தூசியைத் தோளில் சால்வை மாதிரி போட்டிருந்தார்.

"மடக்குக் கத்தி வேணும்," என்றாள் தையல்காரி.

"யாருக்கு?"

"எனக்கு," என்றாள் ஆணி. மேஜைக்குக் கீழேயிருந்து குரல் மட்டும் வந்தது. கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"பென்சில் சீவவா, பாப்பா?"

"கயிறு அறுக்க. பல் போயிடுச்சு." வாயைத் திறந்து காட்டினாள்.

கடைக்காரர் இதற்குச் சிரிக்கவில்லை. வேலை சம்பந்தப்பட்ட விஷயத்தில் சிரிக்கிறவர் அல்ல அவர். குண்டாக, சிவப்பாக, செங்கல் கணக்கில் ஒரு கத்தியை எடுத்து வைத்தார். "இதுல இல்லாததே இல்ல. ரம்பம் இருக்கு, கத்தரி இருக்கு, திருப்புளி இருக்கு, மீன் செதில் உரிக்க ஒண்ணு, பல் குத்த ஒண்ணு."

"கத்தி எங்க?" என்று கேட்டாள் ஆணி.

"உள்ள எங்கேயோதான் இருக்கு." அவர் ஒவ்வொன்றாகப் பிரித்தார். விரிக்க விரிக்க அது முள்ளம்பன்றி மாதிரி நின்றது. கடைசிவரை கத்தி அகப்படவில்லை. அவருடைய கட்டைவிரல் நகம் ஒன்று உடைந்ததுதான் மிச்சம்.

அடுத்தது பொத்தான் வைத்த கத்தி. அழுத்தினால் தானே திறக்கும் என்றார். அழுத்தினார். அது திறந்த வேகத்தில் அவர் கையிலிருந்து தாவி, எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் அடுத்த மாதத்துக்குப் போய்க் குத்திக்கொண்டு நின்றது.

"இதுக்கு ரொம்ப அவசரம்," என்றாள் தையல்காரி. "வேணாம்."

மூன்றாவது கறுப்புக் கைப்பிடி போட்டது, பார்க்க அழகு. திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு தகடு நகர்ந்து வந்து அலகுக்கு முட்டுக் கொடுத்தது. "தானா மடங்கவே மடங்காது. மடக்கணும்னா கட்டைவிரலால தகட்டை இப்படித் தள்ளணும்," என்று வலது கையில் பிடித்துத் தள்ளிக் காட்டினார். சுலபமாக மடங்கியது.

தையல்காரி அதை வாங்கி ஆணியின் இடது கையில் வைத்தாள். கட்டைவிரல் இருந்த பக்கம் தகடு இல்லை. ஆணி கத்தியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, மற்ற விரல்களை உள்ளே வளைத்துத் தகட்டைத் தேடினாள்.

"நிறுத்து," என்றாள் அம்மா.

பையிலிருந்து பழைய பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்து, பீடி மாதிரி இறுக்கிச் சுருட்டினாள். மகளின் விரல் இருந்த இடத்தில் அதை வைத்துக்கொண்டு கத்தியைத் தானே மடக்கினாள். டிக்கெட்டின் தலை தனியாகத் தரையில் விழுந்தது.

மூன்று பேரும் அந்தத் தலையைப் பார்த்தார்கள்.

"இவ விரல் கத்தி வர்ற வழியில நிக்குது," என்றாள் தையல்காரி.

"அதுக்குச் சோத்துக்கையில பிடிக்கணும்மா."

"கை இதுதான். கத்தியை மாத்துங்க."

"நான் கடை வச்ச நாளா ஒருத்தர்கூட இப்படி வந்து கேட்டதில்ல."

"கேக்க வேண்டியவங்களைக் கையைக் கட்டி வீட்டுல உக்கார வச்சிருப்பாங்க. எப்படி வருவாங்க?"

கடைக்காரருக்கு முகம் சிவந்தது. தன் கடையில் இல்லாத சாமான் என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே அவரால் தாங்க முடியாது. ஏணியைப் போட்டு ஏறினார். ரொம்ப நேரம் காணவில்லை. மேலேயிருந்து வௌவால் ஒன்று மட்டும் தூக்கம் கெட்ட கோபத்தோடு இறங்கி வெளியே போனது. பிறகு ஒரு அட்டைப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார்.

"இது விக்காத சரக்கு. பாக்க ஒண்ணும் இருக்காது. முனை வேற உருண்டை. குத்தாதாம், அதனால யாரும் வாங்கறதில்ல."

மரக் கைப்பிடி. விரல் நீளத்துக்கு ஒரே ஒரு அலகு, முனை சோற்றுக்கரண்டி மாதிரி உருண்டிருந்தது. நகம் வைத்து இழுக்க அலகின் இரண்டு பக்கமும் பள்ளம். கழுத்தில் பித்தளை வளையம். திறந்துவிட்டு வளையத்தைத் திருகினால் அலகு அசையாது. எந்தப் பக்கம் திருகினாலும் பூட்டியது. எந்தக் கை திருகியது என்று அது கேட்கவில்லை.

ஆணி திறக்கப் பார்த்தாள். வரவில்லை. கடைக்காரர் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். மறுபடி இழுத்தாள். நாக்கு பல் போன சந்து வழியாக வெளியே வந்தது, அதற்குப் பின்னால் கத்தியும் திறந்தது. வளையத்தைத் திருகினாள். தையல்காரி மிச்சமிருந்த டிக்கெட்டைச் சுருட்டிக் கைப்பிடியில் அலகு மடங்குகிற இடத்தில் வைத்து, அலகின் முதுகைத் தன் பலம் கொண்டமட்டும் அழுத்தினாள். டிக்கெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"விரல் சுத்திப் பிடிக்குதா?"

"பிடிக்குது."

"கனக்குதா?"

"இல்ல."

"மடக்கும்போது முதல்ல என்ன செய்யணும்?"

"வளையத்தைத் திருப்பணும். விரலைப் பின்னாடி வச்சுக்கணும். யார்கூடவும் பேசக் கூடாது."

"பேசலாம். பேசிக்கிட்டே மடக்கக் கூடாது."

தையல்காரி பணத்தை எடுத்துக் கொடுத்தாள். கடைக்காரர் மீதியை நீட்டியபடியே அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். அவளும் குனிந்து பார்த்தாள். பெட்டியிலிருந்த இன்னொரு கத்தி அவளுடைய இடது கையில் இருந்தது. எப்போது எடுத்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டைவிரல் நகம் பள்ளத்தைத் தேடிப் பிடித்து, தடுமாறி, வழுக்கி, மறுபடி பிடித்து இழுத்தது. கத்தி திறந்துகொண்டது. விருந்தாளி எழுந்து வந்து அடுப்படியில் வேலை கேட்ட மாதிரி இருந்தது.

"அது யாருக்கு?" என்று கேட்டார் கடைக்காரர்.

"அதுக்கும் ஒரு கை இருக்கு," என்று சொல்லி, மீதிப் பணத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

அவர்கள் பட்டறைக்குத் திரும்பியபோது மூத்தவர் பையைத் தைத்து முடித்திருந்தார். மிஷின் அவர் காலுக்கு மசியாததால் கையாலேயே, பெரிய ஊசி போட்டு, இரட்டை நூலில். ஓரத்தில் வளையம், வளையத்தில் கயிறு. லாரியை அதற்குள் போட்டாலும் நனையாது. வெட்டு மேஜை நடுவில் அது நீலத் தவளை மாதிரி உட்கார்ந்திருந்தது. ஆமாம்சாமி மூலையில் நின்று விக்கிக்கொண்டிருந்தார்.

"கத்தி வந்துச்சா?" என்றார் மூத்தவர். "சரி. எல்லாரும் வாங்க. அவ வெட்டிக் காட்டட்டும். கையில கீறல் விழுந்தா சொன்னது சொன்னதுதான்."

"வெட்டிக் காட்ட மாட்டா," என்றாள் தையல்காரி.

"ஏன்?"

"தடியன் வெட்டிக் காட்டினானா? கத்தி கைக்கு வந்த அன்னைக்கே சட்டைப் பொத்தான் அத்தனையும் அறுத்தான், அப்புறம் விரலை அறுத்தான். நீங்க கட்டுப் போட்டு முட்டாய் வாங்கிக் கொடுத்தீங்க. பெட்டிக்குள்ள போட்டீங்களா கத்தியை?"

"பொத்தான் மூணுதான் சித்தி," என்றான் தடியன்.

"அஞ்சுடா, நான்தான் திரும்பத் தைச்சேன். மாமா, இந்த வீட்டுல எல்லாப் பிள்ளைக்கும் முதல்ல கையை அறுத்துக்க உரிமை இருந்துச்சு. இவளுக்கும் இருக்கு. அறுத்துக்கிட்டாலும் கத்தி அவளுது. பைக்குள்ள கை போகாது. போகணும்னு நீங்க சொன்னா, அந்த மிஷினை நாளையிலேர்ந்து நீங்களே ஓட்டிக்கலாம்."

மூத்தவர் மிஷினைப் பார்த்தார். மிஷின் அவரைப் பார்த்த பார்வை அவ்வளவு மரியாதையாக இல்லை.

இதற்கிடையில் ஆணி மரப்பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு மேஜையருகே ஏறி நின்றுவிட்டாள். பையைக் கையிலெடுத்து நான்கு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பெரியப்பா, இதுல வாய் எங்க?"

"என்ன வாய்?"

"கை உள்ள போற வாய்."

மூத்தவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பையை வாங்கிப் பார்த்தார். கோபத்தில் தைத்தவர் மூன்று பக்கத்தோடு நிறுத்த மறந்து, நான்காவது பக்கத்தையும் இரட்டை நூல் போட்டு மூடிவிட்டிருந்தார். தடியன் சிரிப்பை அடக்கப் பித்தளை வளையம் ஒன்றை வாயில் போட்டுக் கடித்துக்கொண்டான்.

"குடுங்க, நான் திறந்து தர்றேன்," என்றாள் ஆணி.

யாரும் ஒன்றும் சொல்வதற்கு முன், மடியிலிருந்து கத்தியை எடுத்துத் திறந்து வளையத்தைத் திருகினாள். வலது கையால் பையை மேஜைமேல் அழுத்திப் பிடித்தாள். இடது கையால் தையலின்மேல் அலகை வைத்து இழுத்தாள். முதல் நூல் போனது. இரண்டாவது போனது. தையல்காரி தன் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், ஆனால் பக்கத்தில் போகவில்லை. தவளை மெல்ல வாயைத் திறந்தது. மூத்தவருடைய தையல் என்பதால் கடைசி முடிச்சு மட்டும் முரண்டு பிடித்தது. ஆணி ஓங்கி இழுத்தாள். முடிச்சு தெறித்தது, கத்தி வழுக்கியது.

"ஸ்ஸ்."

ஒரு சொட்டு ரத்தம் நீலத் தார்ப்பாய்மேல் விழுந்து, நனைக்க முடியாமல் முத்தாக உருண்டது. நல்ல சரக்கு அது.

"பாத்தியா!" என்று மூத்தவர் போட்ட சத்தத்தில், அப்போதுதான் திரும்பி வந்து உட்கார்ந்த புறாக்கள் வேறு கூரை தேடிப் போயின. "நான் சொன்னேனா இல்லையா? தம்பி, அந்தக் கத்தியை வாங்கு!"

ஆமாம்சாமி மகளைப் பார்த்தார். ஆணி கத்தியை மேஜைமேல் வைத்திருந்தாள், ஆனால் அதன்மேல் இடது கை இருந்தது. அந்தக் கையைப் பிடுங்க வேண்டுமானால் மேஜையையும் சேர்த்துத்தான் பிடுங்க வேண்டும். அவர் மூச்சை உள்ளே இழுத்தார். முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது.

"இல்லண்ணே," என்றார்.

விக்கல் நின்றுவிட்டது.

மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். தம்பியைப் பார்த்தால் தம்பி இல்லை, யாரோ ஒரு புது ஆள் நின்றுகொண்டிருந்தார்.

"பெரியப்பா," என்றாள் ஆணி. கண்ணில் தண்ணீர் இருந்தது. கட்டைவிரலை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். "அறுபட்டது எந்தக் கைன்னு பாருங்க."

பார்த்தார். வலது கை.

"நொட்டாங்கை ஒழுங்காத்தான் வேலை பாத்துச்சு. சோத்துக்கைதான் நடுவுல வந்து விரலைக் குடுத்துச்சு. பைக்குள்ள போடணும்னா இதைப் போடுங்க."

தடியன் வாயிலிருந்த வளையம் தரையில் விழுந்து, மேஜையைச் சுற்றி உருண்டு வந்து, மூத்தவரின் காலடியில் படுத்துக்கொண்டது. அவர் அதைப் பார்த்தார். தம்பி மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. நாற்பது வருஷமாக ஒவ்வொரு பிள்ளையின் முதல் காயத்தையும் கட்டிவிட்ட மனிதருக்கு, ரத்தம் வருகிற விரல் ஒன்று முன்னால் நின்றால் கை சும்மா இருக்காது. முணுமுணுத்துக்கொண்டே பையை எடுத்தார். அதன் மூலையை வெட்டியெடுத்து, காயத்தைத் துடைத்து, சுத்தமான துணி சுற்றி, அந்த மூலையை விரலுக்கு உறையாக மாட்டினார். அதே கயிறு, அதே முடிச்சு.

"நல்லா இறுக்கிக் கட்டுங்க, பெரியப்பா. இந்தக் கைக்குக் கொஞ்ச நாள் வேலை வேணாம்."

"வாயை மூடு. வலிக்குதா?"

"வலிக்குது."

"வலிக்கட்டும்," என்றார். முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தினார்.

தையல்காரி மிஷினுக்குப் போய் உட்கார்ந்தாள். கால் மாறியிருந்த செருப்பை அப்போதுதான் கழற்றினாள். ஊசியில் தொங்கிய நூலை அறுக்கத் தன் கத்தியை எடுத்தாள், இடது கையால். முதல் தடவை நூலைத் தவறவிட்டது. இரண்டாம் தடவை நூலோடு சேர்த்துத் தைத்த துணியையும் கீறியது. கோணலாக இருந்தது. அவள் பிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். யாரைப் பார்த்தும் வெட்கப்படவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும்," என்று மூத்தவர் கடைசி முயற்சியாகத் தொண்டையைச் செருமினார். "நாளைக்கு மேஜையில எங்க நிப்பே? யார் பக்கத்துல நின்னாலும் முழங்கை இடிக்குமே?"

ஆணி மேஜையின் நீளத்தை ஒருமுறை பார்த்தாள். மரப்பெட்டியிலிருந்து இறங்கி, அதைத் தள்ளிக்கொண்டே போனாள். நாலு பேர் நிற்கிற இடத்தையும் தாண்டி, இடது கோடியில், அவர் காலில் முட்டுகிறவரை தள்ளினாள்.

"இங்க நின்னா யாருக்கும் இடிக்காது, பெரியப்பா. கொஞ்சம் தள்ளிக்குங்க."